இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் ஆள் தெரிந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்பு என் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, என்னிடம் நோட்டு போடக் கற்றுக்கொண்ட பையன். பையன் என்று எழுதுகிறேனே தவிர, அவனுக்கே இப்போது 40 இருக்கும். உதவியாளராகிவிட்டான்.

கையில் ஒரு பழுப்பு உறை. அந்த உறையை அவன் பிடித்திருந்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. 17(ஆ).

சர்வீசில் இல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(அ) என்பது சிறிய தண்டனைக்கானது. 17(ஆ) பெரிய தண்டனைக்கானது. பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரைக்கும் போகலாம். தண்டனையே கடைசியில் வராவிட்டாலும், அது முடிகிற வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறாது. மனிதன் வீட்டில் சாப்பிடுவான், அலுவலகம் போவான், ஆனால் பாதி ஆளாகத்தான் நடமாடுவான்.

அலுவலகம் எது, ஊர் எது என்று எழுத மாட்டேன். விஷயம் இவ்வளவுதான். மழைக்காலத்தில் சேதமடைந்த குடிசைகளுக்கு நிவாரணப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி மேலதிகாரியிடமிருந்து இவனுக்கு வாட்ஸ்அப். ஒரு துண்டுச் சீட்டின் போட்டோ, அதில் 11 பெயர்கள். கூடவே, 'இவர்களையும் சேர்த்துக் காலையில் அனுப்பிவிடவும், கள அறிக்கை பிறகு வரும்' என்று ஒரு வரி. இவன் சேர்த்தான். மறுநாளே ஊரில் புகார் கிளம்பியது: 11 பேரில் சிலருக்குக் குடிசையே கிடையாது, மாடி வீடு. இப்போது குற்றச்சாட்டு, 'கள ஆய்வு அறிக்கை இல்லாமல் தன்னிச்சையாகப் பெயர்களைச் சேர்த்தது'.

"மெசேஜ் இருக்குல்லப்பா? அதைக் காட்டேன்" என்றேன்.

போனை நீட்டினான். இரண்டு இடத்தில் 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்று சாய்வெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே இவனுடைய பதில் மட்டும் அப்படியே இருந்தது: 'சரிங்க சார்'. அப்புறம் மறுநாள் காலை, 'முடிச்சாச்சு சார்'.

அந்த இரண்டு பதிலையும் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உத்தரவு போட்ட கை மறைந்துவிட்டது. கீழ்ப்படிந்த கை மாட்டிக்கொண்டது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுவலக உத்தரவை வாட்ஸ்அப்பில் போடுவது தப்பு. அவசரத்துக்குப் போட்டால், அடுத்த வேலை நாளே அதைக் கோப்பில் ஏற்ற வேண்டும். ஏற்றாத அதிகாரி சோம்பேறியாக இருக்கலாம், இல்லை விவரமானவராக இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அடி விழுவது கீழே இருப்பவன் தலையில்.

'கிழவனுக்குப் புதுசு பிடிக்காது' என்று யாராவது இந்நேரம் சிரிப்பார்கள். அப்படி இல்லை ஐயா. தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் வைத்து ஐந்து பிரதி எடுத்தவன் நான். சைக்ளோஸ்டைல் மை சட்டையில் பட்டு வீட்டில் திட்டு வாங்கியவன். ஃபேக்ஸ் வந்தபோது வேடிக்கை பார்த்தேன், கம்ப்யூட்டர் வந்தபோது கற்றுக்கொண்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் வருவதற்கு முந்தின சாயங்காலம், எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், எங்கே அரிசி இல்லை, எங்கே ஜெனரேட்டர் வேண்டும் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் தெரிந்தது வாட்ஸ்அப் குழுவால்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் 16-ம் தேதி அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரை கடந்த பிறகு என்ன ஆயிற்று? டவர் இல்லை, கரண்ட் இல்லை. பட்டியல்களைக் கையால் எழுதி, விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு பைக்கில் கொண்டு போய்க் கொடுத்தோம். அந்தத் தாள்கள்தான் பின்னால் தணிக்கைக்கு நின்றன.

பழைய முறையைச் சொர்க்கம் என்று சொல்லவும் வரவில்லை. அதன் கொடுமைகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு விதவைப் பெண்மணியின் மனு நான்கு மேசை சுற்றி வர எட்டு மாதம் ஆன கதை எனக்குத் தெரியும். அந்த நான்கு மேசைகளில் ஒன்று என்னுடையது. ஆனால் அந்த எட்டு மாதமும் யார் மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்று எவரும் கண்டுபிடிக்கலாம். தபால் வந்தால் அதற்கு ஒரு எண். அது தன்பதிவேட்டில் ஏறும். யாருக்குப் போனது, என்றைக்குப் போனது, என்ன ஆனது என்று வரிசையாக இருக்கும். நோட்டில் கையெழுத்துப் போட்டால் கீழே தேதி. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணக் கலெக்டர் ஆபீஸ்களில் புகுந்த 'டாட்டன்ஹாம் முறை'யின் வாரிசுகள் நாமெல்லாம். அந்த முறையில் சலிப்பு உண்டு, தாமதம் உண்டு. ஆனால் ஒரு உத்தரவு காற்றில் கரைந்து போக முடியாது. அடித்தால்கூட அடித்த கோடு தெரியும்.

நான் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, ஒரு குத்தகை விவகாரத்தில் இன்னாருக்குச் சாதகமாக நோட்டு போடு என்று வாயால் சொன்னார். பயந்துகொண்டே ஹெட் கிளார்க்கிடம் போய் நின்றேன். அவர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "சொன்னதைச் செய்யி. ஆனா முதல் வரியில 'தங்களது நேர்முக உத்தரவின்படி'ன்னு எழுது. கடைசியில 'ஒப்புதலுக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது'ன்னு எழுது. அவ்வளவுதான்."

எழுதி வைத்தேன். கோப்பு உள்ளே போனது. அதிகாரி அந்த முதல் வரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோப்பை ஓரமாக வைத்தார். மூன்று நாள் கழித்து, 'விதிகளின்படி பரிசீலிக்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். என் மேல் கோபம் இருந்தது, ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தப்பு நடக்கவில்லை. நான் தப்பித்தேன் என்பது சின்ன விஷயம். தன் பெயர் தாளில் வரப்போகிறது என்று தெரிந்ததும் அவரே ஒரு நிமிஷம் யோசித்தார் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். எழுத்து என்பது கீழே இருப்பவனுக்குக் கேடயம் மட்டும் இல்லை, மேலே இருப்பவருக்குக் கடிவாளமும் கூட.

இது ஹெட் கிளார்க் வீட்டுப் பாட்டி வைத்தியம் இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே இருக்கிறது: மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி உத்தரவை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாமல் கொடுத்தால் உடனே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். கீழே இருப்பவரும் கேட்டு வாங்க வேண்டும். 2013 அக்டோபர் 31 அன்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது: வாய்மொழி உத்தரவின் பேரில் அதிகாரிகள் செயல்படக்கூடாது, அப்படி வந்தால் பதிவு செய்ய வேண்டும் என்று. வழக்குப் போட்டவர்கள் யார் தெரியுமா? மத்திய அமைச்சரவைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற சுப்பிரமணியனும் அவரைப் போன்ற மூத்த அதிகாரிகளும். அந்த உயரத்தில் இருந்தவர்களுக்கே வாய்மொழி உத்தரவு உறுத்தியிருக்கிறது என்றால், உதவியாளன் எம்மாத்திரம்?

வாட்ஸ்அப் உத்தரவு இந்த வாய்மொழி உத்தரவின் தம்பிதான். ஆனால் அண்ணனைவிட ஆபத்தானவன், ஏனென்றால் எழுத்து மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறான். வாயால் சொன்னால் நமக்கு உள்ளூர ஒரு எச்சரிக்கை இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்தால் 'எழுத்தில் இருக்கிறதே, ஆதாரம் இருக்கிறதே' என்று நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். 'எல்லாருக்கும் நீக்கு' என்கிற வசதி 2017-ல் வந்தது. ஆரம்பத்தில் 7 நிமிஷத்துக்குள் நீக்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2022 ஆகஸ்டிலிருந்து இரண்டு நாளுக்கும் மேலே, 60 மணி நேரம். அதாவது, ராத்திரி உத்தரவு போட்டு, மறுநாள் காரியம் நடந்து, புகார் வந்து, யோசித்துப் பார்த்து, அதற்கு மறுநாள் நிதானமாக அழித்துக்கொள்ளலாம். நீங்கள் அந்தச் செய்திக்கு நட்சத்திரம் போட்டு வைத்திருந்தாலும் அதுவும் சேர்ந்து போய்விடும். அதோடு, 24 மணி நேரத்தில், 7 நாளில், 90 நாளில் தானே மறையும்படி வைக்கும் வசதி வேறு. காதலர்களுக்கு இதெல்லாம் தேவைப்படலாம். அரசாங்க அலுவலகத்துக்கு எதற்கு?

'வாட்ஸ்அப்பும் சாட்சியம்தானே, கோர்ட்டே ஏற்கிறதே' என்பார்கள். ஏற்கிறது. மின்னணுப் பதிவுக்குச் சட்ட அங்கீகாரம் 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவும் உரிய சான்றிதழோடு கொண்டுவந்தால் ஏற்கச் சொல்கிறது. ஆனால் கொண்டுபோக அந்தச் செய்தி இருக்க வேண்டுமே! அது மட்டுமில்லை, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவரை ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறையான சார்வு ஆகாது என்று சொல்லிவிட்டது. நோட்டீஸுக்கே செல்லாத வழி உத்தரவுக்கு மட்டும் செல்லுமா?

இன்னொரு பக்கம் பாருங்கள், பொதுமக்கள் பக்கம். 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தில் 'தகவல்' என்றால் ஆவணம், குறிப்பாணை, மின்னஞ்சல், கருத்து, ஆலோசனை, உத்தரவு எல்லாம் அடக்கம். ஒரு குடிமகன், 'என் பெயர் ஏன் நிவாரணப் பட்டியலில் இல்லை, அந்த 11 பேர் எப்படி வந்தார்கள்' என்று கேட்டால், 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பொதுத் தகவல் அலுவலர் எங்கே தேடுவார்? கோப்பில் ஒன்றும் இல்லை. உத்தரவு ஒரு அதிகாரியின் சொந்த போனில் இருந்தது. அவர் மாறுதலில் வேறு மாவட்டம் போய்விட்டார். போனையும் மாற்றிவிட்டார். முன்பு அதிகாரி மாறினால் பீரோ அங்கேயே இருக்கும். இப்போது பீரோ அவர் சட்டைப் பையிலேயே கிளம்பிப் போய்விடுகிறது.

குழுக்களின் கூத்தைச் சொல்லி முடியாது. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாமாம். காலையில் முருகன் படம், திருக்குறள், காலை வணக்கம். நடுவே ஒரு முக்கியமான சுற்றறிக்கை. அதற்குக் கீழே 'ஓகே சார்', 'நோட்டட் சார்', கைகூப்பும் பொம்மை என்று 80 பேர் வரிசையாக நிற்பார்கள். கடைசியில் வருகிறவன் சுற்றறிக்கையைத் தேடி மேலே ஏறி ஏறிக் கட்டைவிரல் தேய்ந்துபோகும். நம் ஓய்வூதியர் குழுவிலேயே பார்க்கிறோமே! ஒரு நண்பர் காலமான செய்திக்குக் கீழே, படிக்காமலேயே 'வாழ்த்துகள்' போட்டவர் உண்டா இல்லையா? நாம் வேலை இல்லாதவர்கள், சிரித்துவிட்டுப் போகலாம். அங்கே அது சம்பளத்தோடும் பென்ஷனோடும் விளையாடுகிற விஷயம்.

நேரம் என்ற ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. எங்கள் காலத்திலும் ஜமாபந்தி, தேர்தல் என்றால் ராப்பகலாக உழைத்தோம். ஆனால் ராத்திரி ஆள் வேண்டும் என்றால் பியூன் சைக்கிளில் வீட்டுக்கு வர வேண்டும். ஒரு மனுஷனை அந்த நேரத்தில் அனுப்பலாமா என்று அதிகாரி யோசிப்பார். இப்போது படுக்கையில் படுத்தபடி ஒரு வரி தட்டினால் போதும். 2014-ல் நீல டிக் வந்தது, அது ஒரு சாட்டை. பார்த்தும் பதில் போடவில்லையா, ஏன்? நீல டிக்கை அணைத்து வைத்தால், ஏன் அணைத்தாய்? எங்கள் தெருவில் ஒரு பெண் ஊழியர், குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் போனுமாக நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். ஃபிரான்சில் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 ஜனவரி 1 முதல் சட்டம். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

வெளிநாட்டுக்காரன் சொன்னால்தான் நம்புவோம் என்பவர்களுக்கு இன்னும் இரண்டு. 2021 டிசம்பரில் ஜேபி மார்கன் நிறுவனத்தின் பங்குத் தரகுப் பிரிவுக்கு அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 12.5 கோடி டாலர் அபராதம் போட்டது. குற்றம் என்ன? ஊழியர்கள் சொந்த போனில் வாட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் அலுவல் பேசினார்கள், அந்தப் பேச்சை நிறுவனம் பதிவாக வைத்திருக்கவில்லை. ஸ்காட்லாந்தில், கொரோனா காலத்து முடிவுகள் பற்றிய விசாரணையில் பழைய வாட்ஸ்அப் செய்திகள் அழிக்கப்பட்டது பெரிய சர்ச்சையாகி, 2024 டிசம்பரில் அந்த அரசு அலுவல் வேலைக்கு வாட்ஸ்அப்பே வேண்டாம் என்று அறிவித்துவிட்டது.

'அப்படியானால் வேறு செயலி இருக்கிறதே' என்றால், இருக்கிறது. அரசின் தேசியத் தகவலியல் மையமே 'சந்தேஸ்' என்று ஒன்று செய்திருக்கிறது. நம்ம ஊர் ஸோஹோ 'அரட்டை' என்று வைத்திருக்கிறது. பெயரிலேயே நேர்மை இருக்கிறது: அது அரட்டைக்கு. ஆனால் பாத்திரத்தை மாற்றினால் மட்டும் போதாது. ஓர் உத்தரவுக்கு எண், தேதி, போட்டவர் பெயர், அழிக்க முடியாத இடம் ஆகிய நான்கும் வேண்டும். இந்த நான்குக்கும் இ-ஆபீஸ் என்ற மின்கோப்பு முறை நம் அலுவலகங்களுக்கு வந்திருக்கிறது. அதில் நோட்டு போட இரண்டு நிமிஷம் கூடுதலாக ஆகும். அந்த இரண்டு நிமிஷத்துக்குச் சோம்பல்பட்டுத்தான் ஒருவனுடைய சர்வீசைப் பணயம் வைக்கிறோம்.

மற்றபடி வாட்ஸ்அப் தாராளமாக இருக்கட்டும். ஏரிக்கரை உடைந்த போட்டோ வரட்டும். கூட்டம் எத்தனை மணிக்கு என்று வரட்டும். தகவல் அங்கே, உத்தரவு கோப்பில். இந்த ஒரு கோட்டைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

சர்வீசில் இருக்கும் பிள்ளைகளுக்கு என் ஹெட் கிளார்க் சொன்னதை இந்தக் காலத்துக்குத் திருப்பிச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்தால் வெறும் 'சரிங்க சார்' போடாதீர்கள். 'தாங்கள் இன்றிரவு 9.40-க்கு அனுப்பிய செய்தியின்படி இன்ன 11 பெயர்களைச் சேர்க்கிறேன், காலையில் கோப்பில் ஒப்புதலுக்கு வைக்கிறேன்' என்று உங்கள் கையால் முழுசாக எழுதுங்கள். அவர் தன் செய்தியை அழிக்கலாம், உங்கள் பதில் உங்கள் போனில் நிற்கும். உத்தரவை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மறுநாள் காலை முதல் வேலையாக நோட்டு போடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். எனக்கு ஒரு வருஷம் சுளித்தார்கள், நான் முழுப் பென்ஷனோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பையனும் நானும் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து விளக்கம் எழுதினோம். நீக்கப்பட்ட செய்திகளின் நேரம், அவன் பதில்களின் நேரம், பட்டியல் அனுப்பிய நேரம் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டோம். 'தன்னிச்சையாகச் செய்தவன் யாருக்கு "முடிச்சாச்சு சார்" என்று சொல்லியிருப்பான்' என்ற கேள்வியை, அலுவலக மொழியில் பணிவாக வைத்திருக்கிறோம். என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அவனிடமும் தப்பு இருக்கிறது, கள அறிக்கை இல்லாமல் ஒரு பெயரைக்கூடச் சேர்த்திருக்கக் கூடாது. அதை அவனிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க இருந்திருந்தா கேட்டிருப்பேன் சார்" என்றான். கேட்பதற்கு ஆள் இல்லாத ராத்திரி நேரத்தில், தனியாக, ஒரு போனுக்குள் வந்த உத்தரவு அது.

உங்கள் வீட்டில் யாராவது அரசு வேலையில் இருந்தால் இதைப் படிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பரவாயில்லை. இது உத்தரவு இல்லை, வேண்டுகோள்தான்.